கோவைக்குப் படிக்க வந்தவர்கள் ஊர்க் கால்பந்து அணியைத் தமதாக்கிக்கொள்ள ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூருக்குப் படிக்க வரும் மாணவர்களில் கால்பந்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஓர் அணியைக் கையோடு கொண்டுவருகிறார்கள். அது மான்செஸ்டரிலோ பார்சலோனாவிலோ இருக்கும். விடுதியில் விளக்கணைத்த பிறகு, ஒரே மொபைலைச் சுற்றி நான்கு தலைகள் கூடி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அந்த அணியின் ஆட்டத்தைப் பார்க்கும் பழக்கம் பீளமேட்டிலிருந்து சரவணம்பட்டி வரை எங்கும் உண்டு. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் சிறுவாணித் தண்ணீர் குடிக்கப்போகும் ஊரில், நடந்தோ ஒரே பேருந்தில் ஏறியோ போய்ச்சேரும் தூரத்தில் ஆடும் ஓர் அணியையும் உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். நான் 2017-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே படிக்க வந்தவன். வேலையும் இங்கேயே அமைந்துவிட்டதால், இன்றும் என் ஞாயிற்றுக்கிழமை மாலைகள் மைதானத்து ஓரத்தில்தான் கழிகின்றன. அந்தப் பழக்கத்தில் கற்றதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், ஊரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஊரில் யாரிடமாவது கால்பந்து என்று பேச்செடுத்தால், கொஞ்ச நேரத்தில் நேரு விளையாட்டரங்கத்துக்கும் 2019-க்கும் பேச்சு போய்விடும். அது என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தால், பேசுபவரின் வருத்தமும் பெருமையும் உங்களுக்குப் பிடிபடாது.

சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணி, பெயரில் சென்னையைத் தாங்கியிருந்தாலும், 2017-18 பருவத்திலிருந்து தன் சொந்த மைதானமாகக் கோவையின் நேரு விளையாட்டரங்கத்தை வைத்துக்கொண்டது. அடுத்த பருவமான 2018-19-ல் அந்த அணி ஐ-லீக் என்ற தேசிய லீகின் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் அணி அதுதான். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். உருகுவேயில் பிறந்த ஸ்பானிய முன்கள வீரர் பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். அவரைச் சுற்றி ஸ்பெயினிலிருந்து வந்த வேறு சிலரும், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும் ஆடினார்கள்.

2019 மார்ச் 9 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நான் கேலரியில் இருந்தேன். எதிரே ஆடியது முந்தைய ஆண்டின் பட்டத்தை வென்றிருந்த மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நம் அணி புள்ளிகளை இழந்து, அங்கே ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். தொடக்கத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, இடைவேளை முடியும்வரை அப்படியே இருந்தார். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன்செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் அடித்தார். கோழிக்கோட்டுச் செய்தி மொபைலில் வரும்போதெல்லாம் கேலரி முழுவதும் ஒரு முணுமுணுப்பு பரவும். கோகுலம் முந்துகிறது என்று ஒரு செய்தி, ஈஸ்ட் பெங்கால் திருப்பிவிட்டது என்று அடுத்த செய்தி. முடிவில் நாம் 3-1, அங்கே ஈஸ்ட் பெங்கால் 2-1. நமக்கு 43 புள்ளிகள், அவர்களுக்கு 42. அந்தப் பெரியவர் துண்டை எடுத்து என் தலையைச் சுற்றித் திருஷ்டி கழிப்பதுபோல் வீசினார். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அணி இந்த அணியில் 26 சதவீதப் பங்கை எடுத்தது. அடுத்த பருவம் கொரோனாவால் 2020 மார்ச்சில் பாதியிலேயே நின்றது. 2020-21 பருவத்தின் ஆட்டங்கள் எல்லாம் மேற்கு வங்கத்தில் பூட்டிய அரங்குகளில் நடந்தன. அதற்குப் பிறகு ஐ-லீகில் அந்த அணி இல்லை. ஆகவே இன்று இங்கே படிக்க வரும் ஒருவருக்கு, அன்று எனக்குக் கிடைத்ததுபோல், தேசிய லீகில் ஆடும் அணி ஒன்று பத்து நிமிடத் தூரத்தில் காத்திருக்காது. இந்த ஊரில் கால்பந்து முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. பெரிய அணி வருவதற்கு முன்பும் இங்கே மாவட்ட லீக் நடந்துகொண்டிருந்தது. அது போன பிறகும் நடக்கிறது. நீங்கள் தத்தெடுக்க வேண்டிய அணி அங்கேதான் இருக்கிறது.

எந்த அணி என்று முடிவுசெய்வது

மாவட்டக் கால்பந்துச் சங்கம் நடத்தும் லீகில் பல டிவிஷன்கள் உண்டு. ஆடும் அணிகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பார்க்கலாம். கல்லூரிகளும் அலுவலகங்களும் நடத்தும் நிறுவன அணிகள் ஒரு வகை. சிறுவர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிகள் இன்னொரு வகை. ஒரு பேட்டையிலோ வீதியிலோ பிறந்து, இளைஞர்கள் கைக்காசு போட்டு நடத்தும் கிளப்புகள் மூன்றாவது வகை. உங்கள் கல்லூரி அணிக்குக் கைதட்ட உங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. அகாடமிகளில் பெற்றோர்களே ஆதரவாளர்களாக நிற்கிறார்கள். மூன்றாவது வகையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் முடிவான யோசனை. பார்க்க ஆள் வந்தால் மகிழ்ந்துபோகிறவர்களும், அடுத்த வாரம் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறவர்களும் அவர்கள்தாம்.

அணியைத் தேடும்போது புள்ளிப் பட்டியலைப் பார்க்காதீர்கள். முதலில் தூரத்தைப் பாருங்கள். மருதமலை சாலையில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிப்பவர் சூலூர்ப் பக்கம் பயிற்சி செய்யும் அணியைப் பிடித்தால், இரண்டு மாதத்தில் பேருந்து அலுத்துவிடும். வடவள்ளி, கவுண்டம்பாளையம், உக்கடம், போத்தனூர், சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் தங்கியிருந்தாலும், விடியற்காலை ஆறு மணிக்குப் பக்கத்து மைதானத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். ஒரே நிற ஜெர்சியில் பதினைந்து இருபது பேர் கூம்புகளை வைத்து ஓடிக்கொண்டிருந்தால், அது கிளப். ஆளுக்கொரு நிறத்தில், ஐரோப்பிய அணிகளின் சட்டையில் ஓடினால், அது நண்பர்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம். அவர்களிடம் கேட்டாலும் கிளப் எங்கே பயிற்சி செய்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்ததாக, அந்த அணியில் சின்னப் பையன்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரியவர்கள் ஆடும் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கும் கிளப், நீங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகும் இருக்கும்.

சேலம், ஈரோடு, திருப்பூர், கரூர் ஆகிய ஊர்களில் படிப்பவர்களுக்கும் இதே முறைதான். ஈரோட்டில் வ.உ.சி. பூங்கா மைதானத்திலிருந்தும், சேலத்தில் மகாத்மா காந்தி விளையாட்டரங்கத்திலிருந்தும் விசாரிப்பைத் தொடங்கலாம்.

ஆட்டம் எப்போது என்று தெரிந்துகொள்வது

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஐரோப்பிய லீகின் அட்டவணை ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கையில் கிடைக்கும். மாவட்ட லீகில் ஃபிக்சர் வந்தாலும், மழை, மைதானம் வேறு நிகழ்ச்சிக்குப் போவது, தேர்வு, தேர்தல் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து தேதி மாறும். நான் முதலாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை, யாரோ அனுப்பிய பழைய ஃபிக்சரை நம்பி, இரண்டு பேருந்து மாறி ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போனேன். அங்கே அரசுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. காவலாளி கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை இது. கிளப்பின் செக்ரட்டரியிடம், அல்லது அணியின் கிட் பையைச் சுமந்து வருபவரிடம், எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாட்சப் குழுவில் சேர்க்கச் சொல்லி முதல் நாளே கேட்காதீர்கள். மூன்று ஆட்டம் வந்த பிறகு அவர்களே சேர்ப்பார்கள். அதுவரை, ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில் ஒரே ஒரு செய்தி போதும்: ‘நாளைக்கு மேட்ச் இருக்குதுங்களா, எத்தனை மணிக்குங்க?’ பதில் வராவிட்டால், காலையில் ஒருமுறை அழைத்துக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பேச்சைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊரில் ‘அண்ணே’ என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். இங்கே ‘ஏனுங்ணா’, ‘சொல்லுங்ணா’ என்பார்கள். வயதில் உங்களைவிட இருபது ஆண்டு மூத்தவரும் உங்களை ‘வாங்க, உக்காருங்க’ என்றே அழைப்பார். அந்த மரியாதையை அப்படியே திருப்பித் தாருங்கள். மற்ற மாவட்டங்களில் நெருக்கத்தைக் காட்டும் ஒருமைப் பேச்சு, இங்கே பழகாத ஒருவரிடம் துடுக்குத்தனமாகப் படும்.

முதல் ஆட்டத்துக்குப் போகும் நாள்

அரைமணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு நடப்பவற்றைப் பார்த்தால்தான் ஓர் அணி எப்படி நிற்கிறது என்பது விளங்கும். ஒருவர் சுண்ணாம்புப் பொடியைத் தகர டப்பாவில் அள்ளி, கயிறு பிடித்த கோட்டின் மேல் தூவிக்கொண்டு வருவார். இரண்டு பையன்கள் கோல் போஸ்ட்டில் ஏறி வலையைக் கட்டுவார்கள். கொக்கி போன இடங்களில் பழைய பூட்ஸ் கயிறு தொங்கும். டீம் ஷீட்டை எழுதுபவர் பைக் சீட்டின் மேல் தாளை வைத்து, ஒவ்வொருவர் ஜெர்சி எண்ணையும் திரும்பிப் பார்த்துப் பார்த்து எழுதுவார். பூட்ஸின் முன்பக்கம் வாய்பிளந்தவர் டேப் சுற்றிக்கொண்டிருப்பார். வேலை முடிந்து நேரே வந்தவர் கம்பெனி யூனிஃபார்மைக் கழற்றி ஜெர்சியை மாட்டுவார். லேத் பட்டறையிலும் பம்ப் கம்பெனியிலும் வேலை பார்த்துவிட்டு வந்து தொண்ணூறு நிமிடம் ஓடுகிறவர்கள் இந்த லீகில் நிறையப் பேர். அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால், ஒருவர் தவறவிட்ட பாஸுக்கு உங்கள் வாயில் வசவு வராது.

எந்தப் பக்கம் உட்காருவது என்பதும் முக்கியம். மாலை நான்கு மணி ஆட்டத்தில் மேற்கைப் பார்த்து உட்கார்ந்தால் முதல் பாதி முழுவதும் கண் கூசும். மேற்குப் பக்கத்துக் கேலரியிலோ மர நிழலிலோ முதுகை வெயிலுக்குக் காட்டி உட்காருங்கள். நான் முதன்முதலில் தவறான பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் அய்யா ஒருவர் தூரத்திலிருந்தே கையசைத்து, ‘ஏங் கண்ணு, அங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க, இங்குட்டு வந்து உக்காருங்க, நம்ம பசங்க இந்தப் பக்கந்தான் அடிப்பாங்க’ என்றார். அந்த ‘நம்ம பசங்க’ என்ற சொல்லில் அன்றே நானும் சேர்ந்துவிட்டதாக உணர்ந்தேன்.

காற்றையும் கவனியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் காற்று நேரே இந்த ஊருக்குள் வருவதால், ஆனியிலும் ஆடியிலும் மைதானத்தின் ஒரு பாதி ஏற்றமாகவும் மறுபாதி இறக்கமாகவும் ஆகிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பந்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மேற்கு முனையிலிருந்து கோல்கீப்பர் உதைக்கும் பந்து ஒரே குத்தில் எதிர் கோல் பக்கம் போய்விடும். கிழக்கு முனையிலிருந்து உதைப்பது நடுக்கோட்டைத் தாண்டத் திணறும். காசு சுண்டியதில் வென்ற கேப்டன் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார் என்று பாருங்கள். காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் பந்தைத் தரையோடு வைத்துச் சின்னச் சின்ன பாஸ்களாக நகர்த்தும் அணி, நல்ல கோச் உள்ள அணி. தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்கில் பார்த்தும் எனக்குப் புரியாத ஒன்றை இந்தக் காற்று ஒரே மாலையில் கற்றுக்கொடுத்தது.

இடைவேளையில் வெளியே பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடலாம். கையில் தண்ணீர் பாட்டிலும், ஆனி, ஆடி மாதங்களில் சாரலுக்குக் குடையும் இருக்கட்டும்.

பெயர்களைக் கற்றுக்கொள்வது

தத்தெடுப்பது இங்கேதான் தொடங்குகிறது என்பது என் நம்பிக்கை. முதல் மூன்று ஆட்டங்களுக்கு ஒரு சின்ன நோட்டைக் கொண்டுபோங்கள். மாவட்ட லீகில் வர்ணனையாளரும் இல்லை, மாபெரும் திரையும் இல்லை. யார் கோல் அடித்தார் என்பதைக் கூடப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால்தான் தெரியும். கேளுங்கள். அந்தக் கேள்விதான் பேச்சைத் தொடங்கிவைக்கும்.

என் முதல் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘4: தலையால் எல்லாப் பந்தையும் எடுக்கிறார், திரும்ப நேரமாகிறது. 7: இடது கால், கார்னரை எப்போதும் கிட்டக் கம்பத்துக்கே அடிக்கிறார். 11: வலிக்கிறது என்று உட்கார்ந்தால் உண்மையாகவே வலிக்கிறது.’ எண்களுக்கு நேரே பெயர்கள் மூன்றாவது வாரத்தில் வந்தன. ஐந்தாவது வாரத்தில் அந்த 7-ஆம் எண்காரரிடம், தூரக் கம்பத்துக்கு ஏன் அடிப்பதில்லை என்று கேட்டேன். தங்களிடம் உயரமானவர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் கிட்டக் கம்பத்துக்குத்தான் ஓடுவார் என்றார். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு அந்த அணியின் ஒவ்வொரு கார்னரையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஒரு பருவம் முழுவதும் அணியை மாற்றாதீர்கள். தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்கும். கீழ் டிவிஷனுக்கு இறங்கும் நிலையும் வரும். அந்த வாரங்களில் மைதானத்துக்கு வருகிறவர்களைத்தான் அணி நினைவில் வைத்துக்கொள்கிறது.

கைகொடுப்பது

மூன்று நான்கு ஆட்டங்களுக்குப் பிறகு, உட்கார்ந்து பார்ப்பது மட்டும் போதாது என்று உங்களுக்கே தோன்றும். என்ன செய்யட்டும் என்று பொதுவாகக் கேட்டால் ‘ஒண்ணும் வேண்டாங்க’ என்பார்கள். குறிப்பாக ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: வலை கட்ட வரட்டுங்களா, தண்ணீர் கேன் எடுத்து வரட்டுங்களா, ஸ்கோரை எழுதி வைக்கட்டுங்களா. வலை கட்டுவதற்கு எப்போதும் ஆள் தேவை. ஐஸ் பெட்டி கொண்டுவருவதற்கும் அப்படித்தான்.

படிக்கும் படிப்பும் இங்கே பயன்படும். பிசியோதெரபி மாணவர் ஒருவர் கிளப்பின் ஓரத்தில் இருந்தால், கணுக்கால் பிசகியவருக்கு அது பெரிய துணை. ஆனால் முழுப் பயிற்சி பெறும்வரை முதலுதவியோடு நிறுத்திக்கொண்டு, மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட வேண்டும். புகைப்படம் எடுக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு நல்ல படம் எடுத்துக்கொடுத்தால், அது அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். வணிகவியல் படிப்பவர் கிளப்பின் வரவுசெலவை ஒரு நோட்டில் ஒழுங்காக எழுதிக்கொடுக்கலாம். ரெஃப்ரி கட்டணம், பந்து, வேன் வாடகை என்று பணம் எங்கே போகிறது என்பது எழுதினால்தான் தெரியும். பணம் தர விரும்பினால், தனியாகப் பெரிய தொகையை நீட்டாமல், வேனுக்கோ பந்துக்கோ வசூலிக்கும்போது மற்றவர்கள் தரும் அதே அளவைத் தாருங்கள்.

வெளியூர் ஆட்டத்துக்கு வேனில் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், திருப்பூர் 50 கிலோமீட்டர். போகும்போது பாட்டு இருக்கும். தோற்றுத் திரும்பும்போது பல்லடம் வரை யாரும் பேசமாட்டார்கள். அந்த அமைதியில் நீங்களும் பேசாமல் இருந்துவிடுங்கள்.

மாணவியருக்கு

மைதானத்து ஓரத்தில் பெண்கள் குறைவாக இருப்பது உண்மை. முதல் சில ஆட்டங்களுக்கு இரண்டு மூன்று தோழிகளாகச் சேர்ந்து போவது வசதி. விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, மாலை ஆட்டத்தின் இரண்டாம் பாதியை விட நேர்ந்தாலும் வருந்தாமல், காலை ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். பெண்கள் அணியைத் தத்தெடுப்பது இன்னும் நல்லது என்பேன், அதுவும் ஆண் பெண் இருபாலருக்கும். தமிழ்நாட்டு மகளிர் அணி தேசிய சீனியர் பட்டத்தை 2017-18-லும் 2022-23-லும் வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19-ல் இந்திய மகளிர் லீகை வென்றது. இத்தனை வென்ற பிறகும் பெண்கள் ஆட்டங்களில் கேலரி காலியாகக் கிடக்கிறது. இருபது பேர் சேர்ந்து போய்க் குரல் கொடுத்தால், அந்த மைதானமே மாறிப்போகும்.

செய்யக்கூடாத சில

ரெஃப்ரியைத் திட்டாதீர்கள். மாவட்ட ஆட்டத்தில் அவருக்கும் உங்களுக்கும் நடுவே கம்பி வேலிகூட இருக்காது. நீங்கள் கத்துவதற்கு நடுவர் எழுதும் அறிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் கிளப்காரர்கள். எதிரணி வீரரின் ஊர், சாதி, நிறம் எதையும் தொட்டுப் பேசாதீர்கள். அப்படிப் பேசுகிறவர் உங்கள் பக்கம் உட்கார்ந்திருந்தால் எழுந்து வேறு இடம் போய்விடுங்கள், போகும்போது காரணத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். சிறுவர்கள் ஆடும் படங்களைப் பெற்றோரிடமோ கோச்சிடமோ கேட்காமல் எங்கேயும் போடக் கூடாது. பந்தயம் கட்டும் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம். சொந்த ஊர் அணியின் மேல் பணம் கட்டியவருக்கு அதன் பிறகு ஆட்டம் ஆட்டமாகத் தெரியாது.

ஆடவும் விரும்பினால்

கிளப்பில் சேர்ந்து ஆட வேண்டும் என்று தோன்றினால், காலைப் பயிற்சிக்கு ஒரு மாதம் தவறாமல் போங்கள். பதிவுபெற்ற ஆட்டக்காரர்களின் விவரம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் இணையப் பதிவு முறையில் ஏறுகிறது. ஊரில் ஏற்கெனவே ஒரு கிளப்புக்குப் பதிவாகியிருந்தால், இங்கே பதிவதற்கு முன் அங்கிருந்து மாற்றல் வாங்க வேண்டியிருக்கும். இதை முதல் நாளே செக்ரட்டரியிடம் சொல்லிவிடுங்கள். கன்னியாகுமரிக் கடற்கரையின் தூத்தூர்ப் பக்கத்திலிருந்தும் மலப்புரத்திலிருந்தும் இங்கே படிக்க வரும் மாணவர்கள் இந்த விஷயத்தில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் பலர் பள்ளி வயதிலேயே ஏதோ ஓர் அணியில் ஆடியிருப்பார்கள். கல்லூரி அணியிலும் இடம் இருந்தால், இரண்டு ஆட்டமும் ஒரே நாளில் வரும்போது எதற்குப் போவீர்கள் என்பதை முன்பே இரு தரப்பிடமும் பேசிக்கொள்ளுங்கள்.

பெரிய அரங்கத்தைப் பார்க்க ஆசை வரும்போது

பருவத்தில் ஓரிரு முறை, தேசிய அளவு ஆட்டத்தைப் பார்க்கப் போகலாம். சென்னை 500 கிலோமீட்டர் என்பதால், கோவைக்காரர்களுக்குக் கேரளமே பக்கம். கோழிக்கோடும் கொச்சியும் ரயிலில் சில மணி நேரப் பயணம். 2020-21-லும் 2021-22-லும் தொடர்ந்து ஐ-லீகை வென்ற கோகுலம் கேரளா கோழிக்கோட்டு அணி. 2024-ல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் திருச்சூருக்கும் ஓர் அணி உண்டு. கேரள எல்லையான வாளையாறைத் தாண்டினால், மழை முடிந்து கோடை முடியும்வரை, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்கள் இரவு விளக்கில் நடக்கும். மூங்கிலும் கவுங்கும் கட்டிய தற்காலிகக் கேலரியில் ஊரே உட்கார்ந்திருக்கும். போவதானால் உங்கள் கிளப் பையன்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடுக்கள ஆட்டக்காரர் பந்து வருவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பார்ப்பதை அவர்கள் பக்கத்தில் இருந்து காட்டினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் மைதானத்தில் அதையே செய்துபார்ப்பார்கள்.

தேர்வும், ஊருக்குப் போவதும், விடைபெறுவதும்

செமஸ்டர் தேர்வு நடக்கும் மாதத்தில் போக முடியாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஸ்கோர் நோட்டு உங்களிடம் இருந்தால் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது, முடிவு என்ன என்று அன்று மாலையே கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். என் கிளப்பின் செக்ரட்டரி, நான் நாகப்பட்டினத்தில் இருக்கும்போது, ஆட்டம் முடிந்ததும் எண்களை மட்டும் அனுப்புவார்: ‘2-1. 7 கார்னர், தூரக் கம்பம்.’

இறுதியாண்டில் இரண்டாம் செமஸ்டர் தொடங்கும்போதே, முதலாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து மைதானத்துக்குக் கூட்டிவரத் தொடங்குங்கள். ஒருவர் போதாது, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வலை கட்ட ஆள் இருக்காது. மேற்குப் பக்கக் கேலரியில் அவர்களை உட்காரவைத்து, அய்யாவிடம் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். வலை முடிச்சை எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுங்கள். பெயர்களும் எண்களும் எழுதிய உங்கள் நோட்டை, கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரமே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள், கடைசி ஆட்டத்தின் ஸ்கோரை அவர்களே எழுதட்டும்.